தட்டுக்கு வருமுன் யார் பார்க்கிறார்? திரையில் பழகும் கால்நடை மருத்துவ மாணவர்கள்

மதிய நேரம். உணவங்காடி நிலையத்தில் வரிசையில் நிற்கிறீர்கள். ஒரு தட்டு கோழிச் சோறு, ஓரத்தில் வெள்ளரிக்காய், கொஞ்சம் மிளகாய்ச் சாந்து. பத்தே நிமிடத்தில் தட்டு காலி.

கோழியைச் சமைத்தவர் உங்கள் கண்முன்னே நிற்கிறார். ஆனால் அவருக்கும் முன்பே, "இதைச் சாப்பிடலாம்" என்று முடிவெடுக்க ஓர் ஏற்பாடு இருக்கிறது. பல நாடுகளில் அந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பேற்பவர் ஒரு கால்நடை மருத்துவர்.

"அட, நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுறவங்கதானே அவங்க?" என்று நீங்கள் கேட்கலாம்.

ஆமாம், அவர்களேதான். செல்லப்பிராணிகள் மேல் உள்ள ஆசையில் இந்தப் படிப்பில் சேர்வோர் பலர். ஆனால் பாடத்திட்டத்தில் பண்ணையும் உண்டு, இறைச்சிக்கூடமும் உண்டு, உணவுப் பாதுகாப்பும் உண்டு.

அந்தப் பாடத்தின் ஒரு பகுதியை இப்போது கணினித் திரையிலேயே பழகிக்கொள்ள முடிகிறது. எப்படி? ஏன்? திரையை நம்பலாமா? பார்ப்போம். நடுவில் உங்களுக்கும் மூன்று சோதனைகள் இருக்கின்றன.

கால்நடை மருத்துவருக்கும் உணவுக்கும் என்ன சம்பந்தம்?

பாதுகாப்பற்ற உணவால் ஆண்டுதோறும் சுமார் 600 மில்லியன் பேர் நோய்வாய்ப்படுகின்றனர், 420,000 பேர் மாண்டுபோகின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டு மதிப்பிட்டது.

அதற்குக் காரணமான கிருமிகளில் பல, விலங்குகளின் உடலில் குடியிருப்பவை. சிக்கல் என்னவென்றால், அந்த விலங்குக்கு ஒன்றுமே ஆகாமல் இருக்கலாம்.

கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடலில் கேம்பிலோபேக்டர் என்ற கிருமி இருக்கும். கோழி நன்றாகத்தான் ஓடியாடும். அதன் இறைச்சியை அரைவேக்காட்டில் சாப்பிடும் மனிதருக்குத்தான் வயிறு கலங்கும்.

ஆகவே, கால்நடை மருத்துவர் மூன்று கட்டங்களில் தேவைப்படுகிறார்:

• அறுப்பதற்கு முன்: விலங்கு எப்படி நடக்கிறது, எப்படி மூச்சு விடுகிறது, என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று பார்க்க

• அறுத்த பிறகு: நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் நோயின் தடயம் உண்டா என்று சோதிக்க

• யாருக்காவது உடம்பு முடியாமல் போனால்: எந்த உணவு, எந்தப் பண்ணை என்று பின்னோக்கித் தேட

இது ஏட்டில் மட்டும் உள்ள வேலை இல்லை. நம் வட்டாரத்திலிருந்து இரண்டு உதாரணங்கள்.

1999 மார்ச்சில், மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்ட சிங்கப்பூர் இறைச்சிக்கூட ஊழியர்கள் 11 பேரை நிப்பா கிருமி தொற்றியது. ஒருவர் மாண்டார். மலேசியாவில் அந்த நோய்ப்பரவல் 100க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. அவர்களில் பெரும்பாலோர் பன்றிகளுடன் நெருங்கி வேலை பார்த்தவர்கள்.

2023 ஏப்ரலில், இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இருப்பதைச் சிங்கப்பூர் உணவு அமைப்பு கண்டறிந்தது. அது மனிதர்களைத் தொற்றும் நோய் அல்ல. ஆனாலும் அங்கிருந்து பன்றிகளைத் தருவிப்பது உடனே நிறுத்தப்பட்டது. அந்த நோய் தென்பட்ட இடமும் ஓர் இறைச்சிக்கூடம்தான்.

சிங்கப்பூர் அதன் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கிறது. அப்படியென்றால் நம் தட்டில் இருப்பதைச் சோதிப்பவர் பிரேசிலிலோ ஆஸ்திரேலியாவிலோ ஜொகூரிலோ இருக்கலாம். அவர் எப்படிப் பயிற்சி பெற்றார் என்பது நமக்கும் முக்கியம்.

நேரில் போய்க் கற்கலாமே?

கற்கத்தான் வேண்டும். ஆனால் அது சொல்வதுபோல் எளிதில்லை.

முதலில், இடம். சிங்கப்பூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இல்லை. அதைப் படிக்க விரும்புவோர் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளுக்குச் செல்கின்றனர். மலேசியாவில் புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்திலும் மலேசியக் கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு இருக்கிறது. எங்கே படித்தாலும், மாணவர்களுக்கென்று கட்டிய இறைச்சிக்கூடம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது. வியாபாரம் நடக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே சத்தம், ஈரம், கூர்மையான கத்திகள். ஒரே நேரத்தில் முப்பது மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள்.

இரண்டாவது, வேகம். அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டு அறிமுகமான புதிய கோழிச் சோதனை முறை, ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 140 கோழிகள் வரை நகர அனுமதித்தது. வினாடிக்கு இரண்டுக்கும் மேல்! "சார், ஒரு நிமிஷம் நிறுத்துங்க, இன்னொரு தடவை பார்த்துக்கிறேன்" என்று மாணவர் கேட்கமுடியுமா?

மூன்றாவது, அதிர்ஷ்டம். நீங்கள் போகும் நாளில் வரும் விலங்குகள் எல்லாம் ஆரோக்கியமாக இருந்தால் நல்லதுதான். ஆனால் நோய் எப்படி இருக்கும் என்று நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். காசநோய் பாதித்த நுரையீரலைப் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பட்டம் வாங்கிவிடலாம்.

நான்காவது, கிருமிகளே. பண்ணைக்குள்ளும் இறைச்சிக்கூடத்துக்குள்ளும் வெளியாட்கள் அதிகம் நடமாடினால் நோய் பரவும் அபாயமும் கூடும். 2020ஆம் ஆண்டு கொவிட்-19 வந்தபோது பல்கலைக்கழகக் கதவுகளே மூடின. பார்க்கப்போவது பற்றிப் பேச்சே இல்லை.

இணையக் கருவிகள் எப்படி இருக்கும்?

வீடியோ ஒன்றைப் போட்டுவிட்டு "பார்த்துக்கோ" என்று சொல்வதைக் கருவி என்று சொல்லமுடியாது. மாணவர் ஏதாவது செய்யவேண்டும். செய்ததற்குக் கருவி பதில் சொல்லவேண்டும். பொதுவாக மூன்று வகைகள்:

1. பாவனை இறைச்சிக்கூடம்

ஸ்காட்லந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவக் கல்லூரி 1823ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அங்குள்ள ஆய்வாளர்கள் கணினியில் இயங்கும் பாவனை இறைச்சிக்கூடம் ஒன்றை உருவாக்கி, அதை மாணவர்களிடம் சோதித்து, 2014ஆம் ஆண்டு ஆய்விதழில் எழுதினர். உண்மையான இறைச்சிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன், எது எங்கே இருக்கும், எதைப் பார்க்கவேண்டும் என்று மாணவர்கள் திரையில் பழகிக்கொள்ளலாம்.

2. கிருமி வளரும் கணக்கு

காம்பேஸ் என்ற இலவச இணையத்தளம் இருக்கிறது. கிருமியைத் தேர்ந்தெடுத்து, வெப்பநிலை, அமிலத்தன்மை, ஈரப்பதம் போன்றவற்றை மாற்றிப் பார்க்கலாம். நீங்கள் மாற்ற மாற்ற, கிருமி எவ்வளவு வேகமாகப் பெருகும் என்ற கோடு திரையில் ஏறும், இறங்கும்.

இது ஏன் முக்கியம்? ஒரு சின்னக் கணக்கு. தோதான சூழலில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். நாசி லெமாக் பொட்டலம் ஒன்று நான்கு மணி நேரம் மேசைமேல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரத்தில் 12 முறை இரட்டிப்பு. ஒரு கிருமி 4,096 ஆகிவிடும். உணவை 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரி செல்சியசுக்கும் இடையில் வெகுநேரம் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

3. நோய்ப்பரவல் துப்பறிதல்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு நிலையம் உண்மைச் சம்பவங்களைக் கணினிப் பயிற்சிகளாக மாற்றியிருக்கிறது. சால்மொனெல்லா கிருமி, ஈ.கோலை கிருமி எனப் பல கதைகள். மாணவர் புலனாய்வு அதிகாரி. தகவல் கொஞ்சம் கொஞ்சமாக வரும். அடுத்து என்ன செய்வது என்று அவர்தான் முடிவெடுக்கவேண்டும்.

சரி, இப்போது நீங்கள்தான் மருத்துவர்

முதல் சோதனை. கற்பனைக் காட்சி. தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கிறது. 20 ஆடுகள் இறைச்சிக்கூடத்துக்கு வருகின்றன. எல்லாம் நன்றாக நிற்கின்றன. ஆனால் ஆவணத்தில் ஓர் ஆட்டுக்கு நான்கு நாள் முன்பு நோயெதிர்ப்பு மருந்து ஊசி போட்டதாக இருக்கிறது. அந்த மருந்து கொடுத்தால் 10 நாள் கழித்துதான் அறுக்கவேண்டும் என்று மருந்துப் புட்டியில் உள்ளது. "டாக்டர், ஆடு நல்லாத்தானே இருக்கு? பண்டிகை நேரம், பார்த்து விடுங்க" என்கிறார் வியாபாரி.

அ) ஆடு நன்றாக இருப்பதால் அனுமதிக்கலாம்
ஆ) நன்றாக வேகவைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுமதிக்கலாம்
இ) அந்த ஆட்டை மட்டும் நிறுத்தி வைக்கவேண்டும்

விடை: இ. மருந்தின் மிச்சம் உடலைவிட்டு வெளியேற நாள் ஆகும். அது கண்ணுக்குத் தெரியாது. சமைத்தால் போய்விடும் என்றும் நம்பமுடியாது. சிலருக்கு அந்த மருந்து ஒவ்வாமையை உண்டாக்கலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவும் இப்படிப்பட்ட அலட்சியம் வழிவிடும்.

கவனித்தீர்களா? இதில் மருத்துவ அறிவு பாதிதான். மறுபாதி, பண்டிகை நேரத்தில் ஒருவரின் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்வது. அதே நேரம் மற்ற 19 ஆடுகளையும் பயத்தில் நிறுத்திவிட்டால் அதுவும் தவறுதான். அது ஒரு குடும்பத்தின் வருமானம். தவறு இரண்டு பக்கமும் வலிக்கும்.

இரண்டாவது சோதனை. அறுக்கப்பட்ட பன்றி ஒன்று வரிசையில் வருகிறது. பண்ணையிலிருந்து வந்த தகவலில் குறை இல்லை. வெளித் தோற்றத்திலும் குறை இல்லை. நிணநீர்க் கணுக்களைக் கத்தியால் வெட்டிப் பார்ப்பீர்களா?

"வெட்டிப் பார்த்தால்தானே உறுதியாகத் தெரியும்" என்று பலரும் நினைப்பார்கள். பல்லாண்டு காலம் நடைமுறையும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் 2014ஆம் ஆண்டு பன்றிகளுக்கான விதியை மாற்றியது. சந்தேகம் இல்லாவிட்டால் கண்ணால் பார்த்தால் போதும். சந்தேகம் இருந்தால் மட்டும் தொட்டு அழுத்தியும் வெட்டியும் பார்க்கவேண்டும்.

காரணம்? இன்று பன்றி இறைச்சியில் அதிகம் கவலை தருபவை சால்மொனெல்லா போன்ற கிருமிகள். வெட்டினாலும் அவை கண்ணுக்குத் தெரியாது. வெட்டும் கத்தியும் தொடும் கையும் அவற்றை ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குக் கொண்டுபோய்விடலாம். பாதுகாக்க எடுத்த கத்தியே கிருமியைப் பரப்பலாம்.

மூன்றாவது சோதனை. இது உண்மையில் நடந்தது. 1940 ஏப்ரல் 18ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வீகோ வட்டாரத்தில் தேவாலயம் ஒன்றில் இரவு விருந்து. அதில் 80 பேர் கலந்துகொண்டனர். 75 பேரிடம் விசாரித்ததில் 46 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு போன்ற பாதிப்பு. என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள்.

எல்லாருக்கும் முதலில் சந்தேகம் வருவது இறைச்சி மேல்தான். பன்றித் தொடை இறைச்சியைச் சாப்பிட்ட 46 பேரில் 29 பேருக்கு நோய். அதாவது 63 விழுக்காடு. "மாட்டிக்கிச்சு!" என்று தோன்றும்.

அவசரப்படாதீர்கள். அதைச் சாப்பிடாத 29 பேரில் 17 பேருக்கும் நோய் வந்தது. 59 விழுக்காடு. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. அப்படியென்றால் இறைச்சி குற்றவாளி இல்லை.

இப்போது வெனிலா ஐஸ்கிரீம். சாப்பிட்ட 54 பேரில் 43 பேருக்கு நோய்: 80 விழுக்காடு. சாப்பிடாத 21 பேரில் மூவருக்கு மட்டும்: 14 விழுக்காடு. கிடைத்துவிட்டது. ஐஸ்கிரீம் கலவை முதல் நாளே தயாராகி, இரவு முழுக்கத் தேவாலயத்தின் அடித்தளத்தில் இருந்தது. சற்றுமுன் போட்ட நாசி லெமாக் கணக்கு நினைவிருக்கிறதா?

"அப்போ ஐஸ்கிரீமே சாப்பிடாத அந்த மூணு பேரு?" என்று கேட்டால், நீங்கள் நல்ல மாணவர். மறந்திருக்கலாம். வேறு ஐஸ்கிரீமை அதே கரண்டியால் எடுத்திருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். விடை கிடைத்த பிறகும் கேள்வி கேட்பதுதான் இந்தப் பயிற்சியின் பாடம். 80 ஆண்டுக்கும் மேலான அந்த விருந்து இன்றும் வகுப்பறைகளில் பாடமாக இருக்கிறது.

வாசித்தால் போதாதா? ஏன் இந்த விளையாட்டு?

மேலே உள்ள மூன்றையும் நான் பத்தியாக எழுதி விடைகளை வரிசையாகக் கொடுத்திருந்தால், ஓடும் ரயிலில் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். முதலில் நீங்களே ஒரு விடையை மனத்தில் நினைத்தீர்கள் அல்லவா? அங்கேதான் வேறுபாடு.

2006ஆம் ஆண்டு ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு படித்தபின் தன்னைத்தானே சோதித்துப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்கள் முன்னே. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, சோதித்துப் பார்த்தவர்கள் முன்னே.

இறைச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேரும் மருத்துவருக்கு எது தேவை? ஐந்து நிமிட நினைவா, ஆண்டுகள் கழித்தும் நிற்கும் நினைவா?

இன்னொரு நன்மையும் உண்டு. திரையில் தவறான ஆட்டை அனுமதித்தால், "ஏன் தவறு" என்று ஒரு பெட்டி திறக்கும். யாருக்கும் வயிறு வலிக்காது. நல்ல ஆட்டை நிராகரித்தாலும் யாருடைய வருமானமும் போகாது. திரும்பச் செய்யலாம். வரிசையை நிறுத்தலாம். பத்தாண்டில் ஒருமுறை வரும் நோயைப் பத்து நிமிடத்தில் பத்து முறை பார்க்கலாம்.

திரையால் முடியாதது என்ன?

நிறைய இருக்கிறது. அதையும் சொல்லவேண்டும்.

திரைக்கு வாசனை கிடையாது. கெட்டுப்போகத் தொடங்கிய இறைச்சியை மூக்கு முதலில் பிடிக்கும். கல்லீரலை விரலால் அழுத்தும்போது உள்ளே கல்போல ஒன்று தட்டுப்பட்டால் அது ஒரு செய்தி. கண்ணாடித் திரையில் விரல் வைத்தால் கண்ணாடிதான் தட்டுப்படும்.

எட்டு மணி நேரம் குளிரில் நின்று, கடைசி மணி நேரத்திலும் முதல் மணி நேரத்தின் கவனத்தோடு பார்ப்பதைக் கணினி சொல்லித்தராது. உயிர்கள் அறுக்கப்படும் இடத்தில் முதல்முறை நிற்கும்போது மனம் என்ன செய்யும் என்பதையும் அது காட்டாது. சிலருக்குத் தலை சுற்றும். சிலர் வெளியே வந்து கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள்.

பிறகு, அந்த வியாபாரி. திரையில் அவர் ஒரு வரி வசனம். நேரில் அவர் ஒரு மனிதர். அவருக்கும் கடன் இருக்கும், பிள்ளைகள் இருப்பார்கள். அவரிடம் மரியாதையாக, ஆனால் உறுதியாகப் பேசுவது பழகப் பழகத்தான் வரும்.

ஆகவே கருவியையும் நேரடிப் பயிற்சியையும் மோதவிடத் தேவையில்லை. வரிசைதான் முக்கியம். முதலில் திரையில் தவறு செய்துபாருங்கள். பிறகு மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் நின்று நேரில் பாருங்கள். அதற்குப் பிறகே கையொப்பம் போடுங்கள். நீச்சல் குளத்தில் பழகாமல் யாரும் நேரே கடலில் குதிப்பதில்லை. குளத்தில் மட்டும் நீந்தியவரைக் கடலோரக் காவலுக்கும் நிறுத்தமாட்டார்கள்.

நினைவில் வைக்க

• ஆரோக்கியமாகத் தெரியும் விலங்கிலும் மனிதருக்கு ஆபத்தான கிருமி இருக்கலாம்.

• மருந்து கொடுத்த விலங்கை, அந்த மருந்துக்குரிய நாள்கள் முடியுமுன் உணவுக்கு அனுப்பக்கூடாது.

• நோய்க்குக் காரணமான உணவைத் தேடும்போது, சாப்பிட்டவர்களோடு சாப்பிடாதவர்களையும் ஒப்பிடவேண்டும்.

• சமைத்த உணவைச் சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழ்.

நாளை மதியம் மீண்டும் அதே வரிசையில் நிற்பீர்கள். கோழிச் சோறு வரும். வயிறு வலிக்காமல் வீட்டுக்குப் போவீர்கள். யாரோ ஒரு மாணவர், எங்கோ ஓர் ஊரில், இரவு நேரத்தில் திரைமுன் உட்கார்ந்து, தவறான பொத்தானை அழுத்தி, "ஐயோ, விட்டுட்டேனே" என்று சொல்லி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியிருப்பார்.

அவர் அங்கே செய்யும் தவறு, உங்கள் தட்டுக்கு வராது.